ஒரு தடவை பார்க்கலாம்

சினிமாவைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படும் தீர்ப்புகளில் மிகவும் தந்திரமானது 'ஒரு தடவை பார்க்கலாம்' என்பதுதான். நன்றாக இருக்கிறது என்றால் பொறுப்பு சொன்னவன் தலையில் விழும். மோசம் என்றால் அந்த நடிகரின் ரசிகன் எவனாவது பக்கத்தில் நிற்பான். இந்தத் தீர்ப்பில் இரண்டு பக்கமும் தப்பித்துக்கொள்ளலாம். இதற்குக் கூடப்பிறந்தது போல ஓர் அறிவுரையும் உண்டு: 'பெருசா எதிர்பார்த்துப் போகாதே, அப்பத்தான் புடிக்கும்.'

நான் இந்த அறிவுரையைப் பல வருடங்களாக இலவசமாக வழங்கி வருகிறேன். வேற்றுக்கிரகவாசிகள் பூமிமேல் படையெடுக்கும் படங்களுக்கு நானே அதைக் கடைப்பிடிக்கவும் செய்கிறேன். அந்த வகையில் பத்துக்கு ஒன்று தேறும். மீதி ஒன்பதிலும் பெரிய நகரம் ஒன்று இடியும், ஒரு நாய் தப்பிக்கும், ஒரு விஞ்ஞானி கத்திக்கொண்டே இருப்பார், ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். எதிர்பார்ப்பைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் இவையெல்லாம் ஒன்றும் உறுத்தாது. இரண்டு மணி நேரம் போகும். வெளியே வரும்போது செருப்பு அங்கேயே இருக்கும்.

இந்தப் பழக்கம் நமக்கு எதைத் தருகிறது, நம்மிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்று யோசிக்க வைத்தது மணமேல்குடியில் மாமா வீட்டில் பார்த்த ஒரு படம். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு டிரைவராக இருக்கும் மாமாவுக்குக் காலையில் வலை பின்னுகிற, படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. மத்தியானத்துக்குமேல் வேலை கிடையாது. வருடத்தில் பத்து மாதம் அவர் தூங்கும் நேரத்தில்தான் ஊர் விழித்திருக்கும் என்பதால், தடைக்காலத்தில் அவர் வீட்டில் டிவி ஓயாது. அன்று தமிழ் டப்பிங்கில் 'பேட்டில்ஷிப்' போட்டார்கள். மாமா, அத்தை, பன்னிரண்டாவது முடித்திருந்த அவர்கள் மகன், நான், திண்ணையில் படுக்காமல் காற்றாடிக்குக் கீழே வந்து உட்கார்ந்த அம்மாச்சி. படம் ஆரம்பிக்கும் முன்பே நான் வழக்கம்போல அறிவித்துவிட்டேன்: "சுமாரான படந்தான். சும்மா பாக்கலாம்."

பார்க்காதவர்களுக்காக: 2012-இல் வந்த படம். இயக்கியவர் பீட்டர் பெர்க். 20 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து எடுத்தார்கள். உலகம் முழுக்க வசூல் 30 கோடி டாலர் அளவில் நின்றது. தியேட்டர்காரர்கள் பங்கும் விளம்பரச் செலவும் போக அது நஷ்டக்கணக்கு. மூலக்கதை நாவலும் இல்லை, நாடகமும் இல்லை. கட்டம் போட்ட தாளில் கப்பலை ஒளித்துவைத்து எதிராளி கட்டம் சொல்லிக் குண்டு போடுகிற விளையாட்டு ஒன்று உண்டே, அதுதான் மூலக்கதை. ஒரு பொம்மைக் கம்பெனியின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து கதை எடுத்தவர்களிடம் நாம் எதை எதிர்பார்ப்பது என்று கேட்டால், என் கட்சிக்கு அதுவே முதல் வாதம்.

இந்தக் கட்சிக்கு ஆதரவாக அறிவியலும் கொஞ்சம் பேசும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ராப் ரட்லெட்ஜ் என்பவரும் கூட்டாளிகளும் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சின்னச் சின்னப் பந்தயங்களில் ஆட்களை ஈடுபடுத்தி, நடுநடுவே 'இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாய்' என்று கேட்டார்கள். பிறகு அதையே கைபேசிச் செயலியாக்கி 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மொத்தமாக எவ்வளவு ஜெயித்தார்கள் என்பதைவிட, நினைத்ததைவிடக் கூட வந்ததா குறைய வந்ததா என்பதைப் பொறுத்தே அந்த நேரத்துச் சந்தோஷம் ஏறி இறங்கியது. சந்தையில் பேரம் பேசுகிற எந்தப் பெண்மணிக்கும் இது தெரியும். கிலோ முந்நூறு சொல்வான் என்று நினைத்துப் போய் இருநூற்றைம்பதுக்கு வாங்கி வந்தால், அன்றைக்குக் குழம்பும் கொஞ்சம் ருசியாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. எதிர்பார்ப்பைக் குறைக்கச் சொல்பவர்கள் அதைச் சொல்வதில்லை. நல்லது ஒன்று வரப்போகிறது என்று நினைத்துக் காத்திருப்பதும் சந்தோஷத்தில் சேர்த்திதான். முடிவு தெரிவதற்கு முன்பே அது மனதைத் தூக்கிவிடுகிறது. பொங்கலுக்கு என்ன படம் என்று மார்கழி முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். படம் ஓடியது மூன்று மணி நேரம், காத்திருந்தது முப்பது நாள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டவன் ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கிறான். அந்த முப்பது நாளையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறான். இந்தக் கணக்கு லாபமா நஷ்டமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அடிக்கடி ஏமாந்தவனுக்கு லாபம்.

சரி, மாமா வீட்டுக்கு வருவோம். எதிர்பார்ப்பில்லாமல் பார்ப்பதன் உண்மையான பலம் எங்கே என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. படம் நம்மைக் கட்டிப்போடாததால் வாய் சும்மா இருக்காது, பேச்சு வரும். நல்ல படத்தில் யாராவது பேசினால் 'உஷ்' என்போம். சுமாரான படத்தில் பேசாதவன்தான் சந்தேகத்துக்குரியவன். படத்தின் கடைசிக் கட்டத்தில் மிசௌரி என்கிற பழைய போர்க்கப்பல் வருகிறது. உண்மையான கப்பல். 1944-இல் கடலில் இறக்கியது. 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இதன் மேல்தளத்தில்தான். 1999 முதல் பேர்ல் ஹார்பரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நவீனக் கப்பல்கள் எல்லாம் மூழ்கிய பிறகு, நரைத்த முன்னாள் கடற்படைக்காரர்கள் சிலர் சேர்ந்து இதைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வருசக்கணக்கா நின்ன எஞ்சின். ரெண்டு மாசம் நிக்கிற நம்ம போட்டையே கெளப்புறதுக்குள்ள மெக்கானிக்கு வீட்டுக்கு நாலு தடவ நடக்கணும். இவன் ஒரு பாட்டு முடியுறதுக்குள்ள கெளப்பிட்டான்."

பிறகு அந்தக் காட்சி. 270 மீட்டர் நீளக் கப்பல் முழு வேகத்தில் போகும்போது ஒரு பக்க நங்கூரத்தைக் கீழே விடுகிறார்கள். நங்கூரம் அடியில் மாட்டுகிறது. கப்பல் கயிற்றில் கட்டின கன்றுக்குட்டி மாதிரி சுற்றித் திரும்புகிறது. பீரங்கிகள் எதிரியை நோக்கி நிற்கின்றன. நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. "செய்யலாம்" என்றார். "சின்ன போட்டுல, மெதுவாப் போகையில, செஞ்சிருக்கேன். இந்த வேகத்துல விட்டா சங்கிலி அறுகணும், இல்லாட்டி அணியத்தப் பிச்சுக்கிட்டுப் போகணும். ஆனா யோசனை நம்ம யோசனைதான்." அடுத்து அவர் சொன்னது அதைவிட அழகு. "இதெல்லாம் அங்க ஆழத்துல. நம்ம கடலுக்கு அந்தக் கப்பல் வந்தா அதுவே தரை தட்டிடும். ஏலியனு வந்தாலும் சகதியில சொருவிக்கிட்டு நம்மளத்தான் இழுத்துவிடக் கூப்பிடுவான்." மிகைப்படுத்தவில்லை. மிசௌரிக்கு நிற்கவே 11 மீட்டர் தண்ணீர் வேண்டும். பாக் நீரிணைப் பகுதியில் மணமேல்குடிக் கரையோரம் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான்.

இந்தச் சந்தோஷத்தை அந்தப் படம் தரவில்லை, மாமா தந்தார் என்று சொல்லலாம். பாதி சரி. படம் ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் மாமா தூங்கியிருப்பார். படகு, எஞ்சின், நங்கூரம், அலையின் ஏற்ற இறக்கத்தை வைத்து எதிரியின் இடத்தைக் கண்டுபிடிக்கும் சுனாமி மிதவைகள் என்று அவர் பேசுவதற்குப் போதுமான சாமான்களைப் படம் வைத்திருந்தது. ராடார் வேலை செய்யாதபோது, எந்த மிதவை ஆடுகிறது என்று பார்த்து, கட்டம் சொல்லிச் சுடுகிறார்கள். அந்தப் பொம்மை விளையாட்டுக்குள் இவ்வளவு பொருத்தமான ஒரு கடல்சங்கதியைப் புகுத்தியவர் யாரோ, அன்றைக்கு அவர் தன் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார். நிமிர்ந்து, கைகட்டி, 'காட்டு பார்ப்போம்' என்று உட்கார்ந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. முதல் பதினைந்து நிமிடத்தில், காதலிக்கு ஒரு தின்பண்டம் வாங்கக் கதாநாயகன் பூட்டின கடைக் கூரையைப் பிய்த்து இறங்கும்போதே சேனலை மாற்றியிருப்பேன்.

சுமாரான படமும் மோசமான படமும் வேறு வேறு என்பதை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். மோசமான படத்துக்கு யாருடைய சலுகையும் தேவையில்லை. எட் வுட் 1956-இல் எடுத்த 'பிளான் 9 ஃபிரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் நடிக்கவேண்டிய பேலா லுகோசி படப்பிடிப்புக்கு முன்பே இறந்துபோனார். அவருக்குப் பதிலாக இயக்குநர் மனைவியின் முதுகுவலி வைத்தியரை நிறுத்தி, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். 1980-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு புத்தகம் அதற்கு உலகின் மகா மோசமான படம் என்று பட்டம் கட்டியது. அன்றிலிருந்து அதைக் கொண்டாடிப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு மனிதனின் வெறி தெரிகிறது. சுமாரான படத்தில் அதுவும் இல்லை. எல்லாம் அளந்து வைத்திருக்கும்; உப்பு மட்டும் இருக்காது. அதனால்தான் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்கிற அறிவுரை சுமாரான படத்துக்கென்றே பிறந்தது. அந்த அறிவுரையால் லாபம் அடைவதும் அதை எடுத்தவர்கள்தான்.

குப்பைப் படங்களின் சுகத்தை மறுக்காமல் எழுதிய விமர்சகர் பாலின் கேல். 1969-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையின் சாரம் நமக்கும் உதவும்: குப்பையை ரசிப்பதில் தப்பில்லை, ரசித்துவிட்டோம் என்பதற்காக அதைக் கலை என்று சாதிக்கத்தான் கூடாது. ஆனால் நம் ஊரில் கதை வேறு. நாம் குப்பையைக் கலை என்று சாதிப்பதில்லை. 'போட்ட காசுக்கு மோசமில்ல' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். அந்தக் காசைப் போட்டவர்கள் நாம் என்பது அந்த வாக்கியத்தில் மறைந்துபோகிறது.

சலுகையிலும் பாரபட்சம் உண்டு. ஹாலிவுட் படமென்றால் கதையை மன்னிக்கிறோம், கிராபிக்ஸ் இருக்கிறதே என்று. தமிழ்ப் படமென்றால் கிராபிக்ஸை மன்னிக்கிறோம், நம்ம பட்ஜெட்டுக்கு இது போதாதா என்று. 'அயலான்' வந்தபோது இதைத் தெளிவாகக் கேட்க முடிந்தது. அதன் இயக்குநர் ஆர். ரவிக்குமாரின் முதல் படம் 'இன்று நேற்று நாளை'. கையடக்கச் செலவில் காலப்பயணக் கதை சொன்ன அந்தப் படம் 2015-இல் வந்தது. சலுகை கேட்காமலே பிழைத்தது. 'அயலான்' 2018-இல் படப்பிடிப்புத் தொடங்கி, பணமும் தொற்றுநோயும் குறுக்கே நின்று, 2024 ஜனவரி 12-இல்தான் தியேட்டருக்கு வந்தது. வருடக்கணக்கில் தாமதமான படத்துக்கு யாரும் பெரிய எதிர்பார்ப்போடு போகவில்லை. வெளியே வந்தவர்கள் 'பரவாயில்லையே, அந்த ஏலியன் உண்மையிலேயே நிற்குது, நடக்குது' என்றார்கள். பரவாயில்லை என்ற சொல்லோடு பேச்சு முடிந்தது. சித்தார்த் குரலில் பேசும் அந்தக் குட்டி உருவம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பூமியை வெகு ஆழத்துக்குத் துளைத்து வாயு எடுக்கத் துடிக்கும் ஒரு மனிதனைத் தடுக்கத்தான் அது வந்திருக்கிறது என்பதை, அதாவது இந்தப் படத்தில் படையெடுப்பவன் மனிதன் என்பதை, யாரும் பேசிக் கேட்கவில்லை.

எங்கள் மாவட்டத்திலாவது பேசியிருக்கலாம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் பந்தல் போட்டு உட்கார்ந்தது இதே புதுக்கோட்டை மாவட்டம். 2020-இல் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியபோது அதில் சேர்க்கப்பட்ட ஒன்றியங்களில் மணமேல்குடியும் ஒன்று. நிலத்தைத் துளைக்க வருகிறவனைப் பற்றிய படம் இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றும், 'கொழந்தைங்களுக்குப் புடிக்கும்' என்பதோடு போய்விட்டது. எதிர்பார்ப்பைக் குறைத்தால் ஏமாற்றம் மட்டும் குறையும் என்று நினைக்கிறோம். கவனமும் சேர்ந்து குறைகிறது. படம் தப்பித்தவறி ஏதாவது சொன்னாலும் காதில் விழுவதில்லை.

அந்தக் குற்றம் என்னுடையதும்தான் என்பதை அம்மாச்சி காட்டினார்.

அம்மாச்சிக்கு எதிர்பார்ப்பு குறைவு என்று சொல்லமுடியாது. எதிர்பார்ப்பு என்ற ஒன்றே இல்லை. ஏலியன் படம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. யார் நல்லவன், யார் சாவான் என்று முன்கூட்டித் தீர்மானிக்கும் பயிற்சி எனக்கு இருந்தது, அவருக்கு இல்லை. ஹவாய்க் கடலில் அந்தப் பெரிய கப்பல்கள் விழுந்து, அசையாமல் நிற்கின்றன. கடற்படைக் கப்பல்கள் சுற்றி வந்து கூப்பிட்டுப் பார்க்கின்றன. அங்கிருந்து பெரும் சத்தம் ஒன்று வருகிறது, கண்ணாடிகள் உடைகின்றன. உடனே இந்தப் பக்கக் கப்பல் ஒன்று எச்சரிக்கையாக ஒரு குண்டு சுடுகிறது. அதற்குப் பிறகுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டுகள் பறந்து வருகின்றன; கதாநாயகனின் அண்ணன் இருந்த கப்பல் வெடித்து மூழ்குகிறது. அண்ணன் செத்துவிட்டான் என்று நான் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மாச்சி கேட்டார்:

"மொதல்ல சுட்டது யாரு?"

நான் யோசித்தேன். "நம்ம ஆளுங்கதான் அம்மாச்சி. ஆனா அது எச்சரிக்கை."

"அவன் பாட்டுக்குத்தான நின்னான்?"

இந்தப் படத்தை நான் அதற்கு முன் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. வந்த பிறகு படம் வேறாகத் தெரிந்தது. ஐந்து கப்பல்கள் வருகின்றன. ஒன்று வழியில் செயற்கைக்கோளில் மோதி ஹாங்காங்கில் விழுந்து நொறுங்குகிறது. ஊருக்குத் தகவல் அனுப்பும் கருவி இருந்தது அந்த ஒன்றில்தான். மீதி நான்கும் ஹவாய்க்கு வருவது அங்கே மலைமேல் இருக்கும் ஆண்டெனாவைப் பிடித்து வீட்டுக்குச் செய்தி சொல்ல. அவர்களுடைய முகக்கவசம் வழியாகப் பார்க்கும் காட்சிகளில், ஆபத்தானது சிவப்பாகவும் ஆபத்தில்லாதது பச்சையாகவும் தெரிகிறது. விளையாட்டுத் திடலில் நிற்கும் ஒரு பையனை அவர்களுடைய எந்திரம் உற்றுப் பார்த்து, பச்சை என்று முடிவுசெய்து விட்டுவிட்டுப் போகிறது. வயர்லெஸ் உடைந்து, திசை தப்பி, அடுத்தவன் எல்லைக்குள் நிற்கிற படகின் கதை இது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் குடும்பங்களுக்கு இந்தக் கதையை யாரும் டப்பிங் செய்து காட்டவேண்டியதில்லை. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் கடல்மேல் கிழித்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. எதிரே சாம்பல் நிறக் கப்பல் வந்து நின்றால், அதன் மேலிருந்து ஒருவன் புரியாத மொழியில் கூப்பிட்டால், எச்சரிக்கைக்குச் சுட்டானா ஆளைப் பார்த்துச் சுட்டானா என்பது கரைக்கு வந்த பிறகு நடக்கிற விவாதம்.

அம்மாச்சி படத்தை அதிகப்படியாகப் படித்துவிட்டார் என்றும் சொல்லலாம், சொல்லிப் பார்க்கவேண்டும். அந்த வேற்றுக்கிரகவாசிகள் சாதுக்கள் இல்லை. அவர்களுடைய உருளும் எந்திரங்கள் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும் மேம்பாலத்தை அறுத்துத் தள்ளுகின்றன. ராணுவ முகாமைக் கிழித்துப் போடுகின்றன. ஆண்டெனா வழியாக அவர்கள் கூப்பிடுவது பின்னால் வரும் படையையா, காப்பாற்ற வரும் ஆளையா என்பதைப் படம் தீர விசாரிக்கவும் இல்லை. சிவப்பு-பச்சை வித்தியாசத்தை வைத்தவர்களே அதை அடுத்த காட்சியில் மறந்துவிடுகிறார்கள். நல்ல படம் என்றால் அந்தப் பையனை விட்டுவிட்டுப் போன நொடியைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கும். இது வெடிக்குத் தயாராகிறது. ஆக, சுமார் என்ற என் தீர்ப்பு தவறில்லை. அந்தத் தீர்ப்பை உள்ளே போகும்போதே எழுதிவிட்டதுதான் தவறு.

மாமா ஒன்று சொன்னார், அதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "அங்கிட்டு உள்ளவன், யாழ்ப்பாணத்துக்காரன், நம்ம போட்டுங்களப் பாத்து இப்பிடித்தான் ஒரு படம் எடுப்பான்." எங்கள் விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போகிறது என்பது வடமாகாண மீனவர்களின் நெடுநாள் புகார். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. இரவில் தொடுவானத்தில் வரிசையாக விளக்குகள் தெரிந்தால், அந்தக் கரையில் வலை விரித்திருக்கிற சிறு படகுக்காரனுக்கு அது எப்படி இருக்கும்? அவனும் தமிழில்தான் திட்டுவான். மாமா இதைச் சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அந்தப் பேச்சு அதற்குமேல் நீளவில்லை.

இந்த வகைக் கதையின் ஆணிவேரே இதில்தான் இருக்கிறது என்பது வேடிக்கை. 1898-இல் எச். ஜி. வெல்ஸ் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' எழுதியபோது, செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் டாஸ்மேனியப் பழங்குடிகளுக்குச் செய்ததை நினைத்துப் பார்க்கச் சொல்லி முதல் அத்தியாயத்திலேயே வைத்தார். அடிமைப்படுத்தியவன் நாட்டில் உட்கார்ந்து, அடிபட்டவன் நிலையைத் தன் வாசகனுக்குக் காட்ட எழுதிய கதை அது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து 1996-இல் 'இண்டிபெண்டன்ஸ் டே' வந்தபோது அந்தக் கேள்வியை உருவி எடுத்துவிட்டு வெடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் ஓடிய ஓட்டத்தில், இந்த வகையிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதே மாறிப்போனது. மாஹேயில் தமிழ்த் தாய்க்குப் பிறந்த மனோஜ் நெல்லியாட்டு ஷியாமளன் 2002-இல் எடுத்த 'சைன்ஸ்' படத்தில், தண்ணீர் பட்டால் வெந்துபோகும் வேற்றுக்கிரகவாசிகள் முக்கால்வாசி தண்ணீராக இருக்கிற பூமிக்கு வருகிறார்கள். அதையும் மன்னித்தோம். அந்தப் படத்தில் மன்னிக்கலாம். உள்ளே ஒரு குடும்பம் நிஜமாக அழுகிறது. வருகிறவன் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வாழ்க்கை இருந்தது.

நம் பங்குக்கு 1963-இல் 'கலை அரசி' இருக்கிறது. ஏ. காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர்., பானுமதி. விஞ்ஞானம் முற்றி, கலை வற்றிப்போன கிரகத்திலிருந்து நம்பியார் பறக்கும் தட்டில் வந்து, பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். தண்ணீரும் தங்கமும் கேட்டு வருகிற கூட்டத்தின் நடுவே சங்கீதத்துக்காகப் பூமிக்கு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அட்டைச் செட்டையும் உடுப்பையும் பார்த்துச் சிரிக்கலாம். கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று பார்க்கவும் செய்யலாம்.

எதிர்பார்ப்பைக் குறைக்கிற பழக்கத்தை நான் விடப்போவதில்லை. அது இல்லையென்றால் அம்மாச்சி கேள்வி கேட்ட இடம்வரை அந்தப் படத்தை நான் ஓடவிட்டிருக்கவே மாட்டேன். செட்டு, கிராபிக்ஸ், செத்த எஞ்சின் கிளம்புவது, நங்கூரம் கப்பலைத் திருப்புவது, இவற்றிலெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கி வரத் தயார். மாமா போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் யார் யாரை எதற்காகச் சுட்டார்கள் என்பதைக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது. அதற்குப் பணச்செலவு கிடையாது. 20 கோடி டாலர் இல்லாத இயக்குநரும் அதைச் செய்யலாம். இருந்தவர் செய்யாமல் விட்டார். அவரை அதற்காகக் கேட்பதற்கு முன்பே நான் சலுகை கொடுத்துவிட்டேன்.

கடைசிச் சண்டைக்கு முன்பே அம்மாச்சி சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். மறுநாள் காலை வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"அந்தக் கப்பல்காரங்க ஊரு போயிச் சேந்தாங்களா?"

எந்தக் கப்பல்காரர்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "இல்ல அம்மாச்சி. எல்லாத்தையும் மூழ்கடிச்சிட்டாங்க."

உரல் நின்றது. படத்தில் பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னக் காட்சி உண்டு. டிவியில் அதைக் காட்டவில்லை. ஸ்காட்லாந்தில் வயல்வெளியில் விழுந்து கிடக்கும் ஒரு பெட்டியைச் சில பையன்கள் உடைத்துத் திறப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வரும். அதைச் சொன்னேன்.

"ஒருத்தன் மட்டும் கரையேறியிருக்கான் அம்மாச்சி. வேற நாட்டுல."

"கரைதான?" என்றார். மறுபடியும் இடிக்க ஆரம்பித்தார்.